சைலனேஸ் என்று எழுதிய ஒரே ஆள்

கேள்வி கேட்டே காலம் தள்ளியவள் நான். பதில் சொல்ல வேண்டிய வேலை எனக்கு அமைந்ததே இல்லை. அப்படியே ஓய்வும் பெற்று பெங்களூர் ஆஸ்டின் டவுன் வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தவளை, பழைய ஆபீசில் என் நாற்காலியில் இப்போது இருக்கும் காவ்யா போன் போட்டுக் கெடுத்தாள்.

"மேடம், இப்பெல்லாம் கேள்வித்தாளை கம்ப்யூட்டரே எழுதிக் குடுத்துடுது. காபி ஆறறதுக்குள்ள நூறு கேள்வி. அதுல எது நல்ல கேள்வின்னு நாங்க எப்படிப் பொறுக்கறது? நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்களேன்."

நான் எங்கே கண்டுபிடித்தேன்? அதைச் சொன்னால் அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைக்கிறாள். அடக்கமெல்லாம் என் ஜாதகத்திலேயே கிடையாது. உண்மையாகவே தெரியாது. தெரியாததை எழுதிக் கொடுக்கிறேன், அவள் பாடு.

படிப்புக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். பிறந்தது கோலார் தங்கவயல். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நுண்ணுயிரியலில் பட்டம் வாங்கிய கையோடு பெங்களூருக்கு வேலைக்குப் போய்வர ஆரம்பித்தேன். பல வருஷம் ரயிலில்தான் வாழ்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஓசூர் ரோடில், அத்திபெலேவுக்குக் கொஞ்சம் முன்னால், என்சைம் தயாரிக்கும் கம்பெனி. பெரிய எஃகுத் தொட்டிகளில் நுண்ணுயிர்களை வளர்ப்போம். அவை சுரக்கும் என்சைமைப் பிரித்துத் தூளாக்கிக் காகித ஆலைக்கும் பேக்கரிக்கும் அனுப்புவோம். தொட்டிப் பக்கம் கொஞ்ச காலம் இருந்தேன். பிறகு, "இந்தம்மாவுக்கு வாய் ஜாஸ்தி, நல்லா குடையறாங்க" என்று யாரோ புண்ணியவான் சொல்ல, என்னைப் பரீட்சைப் பிரிவில் போட்டார்கள்.

எங்கள் கம்பெனியில் பரீட்சை எழுதாமல் யாரும் எதையும் தொட முடியாது. தொட்டியைத் திறக்கிறவர், தூள் அள்ளுகிறவர், லேபில் அளக்கிறவர் எல்லோருக்கும் பரீட்சை உண்டு. தொட்டிப் பக்கம் வேலை செய்பவர் லேபுக்கு மாற வேண்டுமானால் பெரிய பரீட்சை. அதில் நொதித்தலில் ஆரம்பித்து, புரதத்தின் அமைப்பைக் கம்ப்யூட்டரில் ஆராய்வது வரைக்கும் எல்லாம் வரும். அந்தக் கேள்விகளை எழுதுவதுதான் என் வேலை.

என் மேலதிகாரி டாக்டர் ஹெக்டே, சிர்சி பக்கத்துக்காரர். தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு பாதி கன்னடம் பேசுவார். நான் கன்னடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பாதி தமிழ் பேசுவேன். நடுவில் இங்கிலீஷ் வந்து இருவரையும் காப்பாற்றும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் கண்ணை மூடினால் நான் அடித்துத் திருத்தப் பேனாவைத் திறந்துவிடுவேன், ஏனென்றால் அப்போதுதான் அவர் கேள்வியைக் கேட்க ஆரம்பிப்பார்.

நான் ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாகப் படிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கேள்வியை எத்தனை கோணலாகப் புரிந்துகொள்ள முடியுமோ அத்தனை கோணலாகப் புரிந்துகொள்வார். "தொட்டியில் காற்று குறைந்தால் என்ன ஆகும்?" என்று ஒருநாள் படித்தேன்.

"நோடி, பாருங்க வசந்தா, யாருக்கு என்ன ஆகும்? கிருமிக்கா, டேங்குக்கா, ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கா?"

"கிருமிக்குத்தான் சார்."

"அத எழுதலையே நீவு."

எழுதினேன். மறுபடி கண்ணை மூடினார். "எந்தக் கிருமி? காத்தே வேண்டாம்னு இருக்கற கிருமியும் இருக்கல்லா?" அந்த ஒரு கேள்வியை எழுதி முடிப்பதற்குள் எனக்கே நொதித்தல் மறந்துபோயிற்று.

அதோடு விடமாட்டார். கேள்வித்தாள் தயாரானதும் அதைக் கேன்டீன் கல்லாவில் உட்காரும் பிரான்சிஸிடம் கொடுத்துப் பதில்களுக்கு டிக் போடச் சொல்வார். பிரான்சிஸுக்குத் தெரிந்த ஒரே நொதித்தல் இட்லி மாவு. அவர் சரியாக டிக் போட்ட கேள்வி என்னிடம் திரும்பி வரும். ஒன்றுமே தெரியாதவர் பதில் சொல்லிவிட்டார் என்றால் கேள்வியே பதிலைக் காட்டிக்கொடுக்கிறது என்று அர்த்தம். முதல் தடவை மனிதர் ஏறக்குறைய பாஸே ஆகிவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. எப்படி ஐயா என்று கேட்டேன்.

"எது நீளமா இருக்கோ அதான் மேடம் கரெக்டு. தப்பான பதிலை நீங்க ஒரே வரில முடிச்சிடறீங்க. சரியான பதில்னா பயந்து பயந்து ரெண்டு வார்த்தை சேத்துப் போடறீங்க."

ஹெக்டே சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. அடுத்த தாளில் சரியான பதில்களையெல்லாம் நறுக்கிச் சின்னதாக்கினேன். பிரான்சிஸ் அதையும் மோப்பம் பிடித்து, சின்னதாகப் பார்த்து டிக் போட்டார். நான் எழுதுவது அறிவைச் சோதிக்கும் கேள்வியா, என் எழுத்தைச் சோதிக்கும் கேள்வியா என்று அன்று தலை சுற்றியது. இத்தனை வடிகட்டியும், ஒரு கேள்வி எங்களை நன்றாக மாட்டிவிட்டது.

குணசேகர் என்று ஒருவர். அவரும் தங்கவயல்காரர், நாற்பது தாண்டியவர். என்னோடு அதே ரயிலில், பெரும்பாலும் அதே பெட்டியில் வந்து போனவர் என்பதால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். தூள் பிரிவில் வேலை. என்சைம் தூள் பார்க்கக் கோதுமை மாவு மாதிரி சாதுவாக இருக்கும், ஆனால் மூக்கில் ஏறினால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முகமூடி போட்டும் குணாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வருஷம் போகப் போக இழுப்பு வந்தது. ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்து அவர் மூச்சு விடுவது, சக்கரச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்கும். தூளை விட்டு விலகாவிட்டால் நுரையீரல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியோ, லேபில் மட்டும்தான் இடம் இருக்கிறது, அதற்குப் பெரிய பரீட்சை எழுதிப் பாஸ் செய்ய வேண்டும் என்றது. மூன்று முறைதான் எழுதலாம். இரண்டு முறை எழுதித் தோற்றிருந்தார். மூன்றாவதும் போனால் தூளோடு கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். வீட்டில் படிக்கிற பெண் பிள்ளைகள் இரண்டு பேர்.

அந்த வருஷத் தாளில் கடைசிக் கேள்வி செய்முறைக் கேள்வி. ஒரு புரதத்தின் அமைப்பை எழுத்து வரிசையாக அச்சடித்துக் கொடுத்திருந்தோம். ஒவ்வொரு எழுத்தும் ஒரு அமினோ அமிலம். அந்த வரிசையை உலகம் முழுக்கப் பயன்படுத்தும் பொதுத் தகவல் வங்கியில் போட்டால், இதே மாதிரி வரிசை உள்ள மற்ற புரதங்களைக் காட்டும். அவற்றின் பெயரையும் வேலையையும் பார்த்து, இந்தப் புரதம் என்ன செய்யக்கூடும் என்று எழுத வேண்டும். மழைக்காலத்தில் நானே அதைப் போட்டுப் பார்த்து, 'சைலனேஸ்' என்று விடை குறித்து வைத்தேன். ஹெக்டேயும் போட்டுப் பார்த்தார். அதே விடைதான். உறையில் வைத்து ஒட்டினோம்.

பரீட்சை சங்கராந்திக்குப் பிறகு நடந்தது. திருத்தினால், அந்தக் கேள்விக்கு ஒருவரைத் தவிர எல்லோரும் தப்பு. மற்ற அத்தனை பேரும் 'டீஅசிட்டிலேஸ்' என்று எழுதியிருந்தார்கள். சைலனேஸ் என்று எழுதிய ஒரே ஆள் குணசேகர்.

சைலனேஸ் என்பது மரநாரில் இருக்கும் நீண்ட சர்க்கரைச் சங்கிலியை வெட்டுகிற என்சைம். டீஅசிட்டிலேஸ் சங்கிலியைத் தொடாது; அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னத் துணுக்குகளை மட்டும் கிள்ளி எடுக்கும். பூச்சரத்தை அறுப்பதற்கும் அதிலிருக்கும் இலையைக் கிள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டால் காகித ஆலைக்காரன் நம்மைக் கிழித்துவிடுவான்.

மார்க் வெளியானதும் என் மேஜையைச் சுற்றிக்கொண்டார்கள். ரேஷ்மா என்ற பெண்தான் எல்லோருக்காகவும் பேசினாள்.

"மேடம், ஸ்க்ரீன்ல வந்ததைத்தானே எழுதினோம்? எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே வந்துச்சு? அது எப்படித் தப்பாகும்?"

அவர்கள் போன பிறகு நானே உட்கார்ந்து அந்த வரிசையைப் போட்டேன். டீஅசிட்டிலேஸ் என்று வந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். டீஅசிட்டிலேஸ்தான்! பாதி நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு விளங்கியது. அந்தக் குடும்பத்துப் புரதங்களுக்கு யாரோ முன்னால் தப்பாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்; அதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர் என்று தப்பு பரவியிருக்கிறது. நாங்கள் உறையை ஒட்டிய பிறகு, பரீட்சைக்கு முன்னால், தகவல் வங்கிக்காரர்கள் அதைத் திருத்திவிட்டார்கள். வெளியே உலகம் மாறிவிட்டது, உறைக்குள் இருந்த விடை மாறவில்லை.

சரி, மற்றவர்களுக்கெல்லாம் மார்க் கொடுத்துவிடலாம். அதில் குழப்பமில்லை. ஆனால் அன்றைக்கு அந்த ஹாலில், எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் முதல் பெயராக வராத சைலனேஸை குணா எங்கிருந்து எடுத்தார்? விடையாக அது எங்கள் உறைக்குள் மட்டும்தான் இருந்தது. கேன்டீனில் முணுமுணுப்பு கிளம்பியது. ஒரே ஊர், ஒரே ரயில், அக்கா தம்பி என்றெல்லாம் என் காதுபடவே பேசினார்கள். நான் யாரிடமும் ஒரு எழுத்துகூடச் சொன்னதில்லை. ஆனாலும், ரயிலில் தூக்கக் கலக்கத்தில் ஏதாவது உளறியிருப்பேனோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஹெக்டே குணாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நானும் இருந்தேன். "கூத்கொள்ளி" என்று நாற்காலியைக் காட்டினார். குணா உட்கார்ந்து மூச்சு சமனாகும் வரை காத்திருந்தார்.

"குணசேகர், ஸ்க்ரீன்ல உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"டீஅசிட்டிலேஸ் சார்."

"மத்தே ஏன் சைலனேஸ்னு எழுதினீங்க?"

குணா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பக்கத்துலயே, பேரை மாத்தி இருக்கோம்னு போட்டிருந்துச்சு சார். பழைய பேரு சைலனேஸ்னும் இருந்துச்சு. போன மாசந்தான் மாத்தி இருக்காங்க. நீங்க கேள்வித்தாளை முன்னாடியே ரெடி பண்ணி வெச்சிருப்பீங்கன்னு தெரியும். அப்போ உங்க ஆன்சர் கீ-ல பழசுதான் இருக்கும்."

"சரியான பதில் எதுன்னு தெரிஞ்சே தப்பா எழுதினீங்களா?" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"ஆமாங்க மேடம்." ஹெக்டே முன்னால் அக்கா என்று சொல்ல மாட்டார். "மொதோ தடவை, டேங்குல நுரை பொங்கினா இன்னா செய்வேன்னு கேட்டிருந்தீங்க. டேங்க் பக்கம் இருந்தப்போ நான் டெய்லி செஞ்சதை எழுதினேன். உங்க கீ-ல வேற இருந்துச்சு. ரெண்டாவது வாட்டியும் அப்படித்தான். எனக்கு இது கடைசி சான்ஸு. மூச்சு வுட முடியல மேடம். சரியா தப்பான்னு பாக்கற நிலைமைல நான் இல்ல. உங்களுக்கு இன்னா வேணும்னு பாத்தேன்."

எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது, நாலு அறை விட வேண்டும் போலவும் இருந்தது. அந்தப் பக்கத்தில் திருத்தக் குறிப்பு இருந்தது உண்மைதான், நானே பார்த்தேன். ஆனால் அதை அவர் பரீட்சை அன்றைக்கே பார்த்தாரா, கலாட்டா கிளம்பிய பிறகு பார்த்துக் கதை கட்டினாரா? முகத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றியது. ஊர்ப் பாசம் நம்பச் சொல்கிறதோ என்று உடனே பயமாகவும் இருந்தது.

அவர் வெளியே போனதும் ஹெக்டே கண்ணை மூடிக்கொண்டார்.

"நோடி வசந்தா. அவர் சொல்றது பொய்யானால் திருடர். நிஜமானால் எல்லாரையும்விட நல்லாப் படிச்சவர். ஆனா லேப்ல என்ன வேலை? பார்த்ததை எழுதற வேலை. மேலே இருக்கறவங்களுக்கு என்ன வேணும்னு பார்த்து எழுதற ஆளை அங்கே எப்படி விடறது?"

"அவரை அப்படி எழுத வெச்சது நாமதானே சார்?"

"ஹௌது, ஆமா. அதுவும் நிஜா" என்றார். தலையை ஆட்டினாரே தவிர, முடிவு சொல்லவில்லை. மார்க்கைத் திருத்தினால் குணா பெயில், திருத்தாவிட்டால் தப்பான விடைக்குப் பாஸ். இரண்டும் அநியாயமாகப் பட்டது.

மறுநாள் ஹெக்டே ஒரு வழி சொன்னார். அந்தக் கேள்வியைக் குணாவுக்கு மட்டும் எடுத்துவிடுவது. பதிலாக லேபில் ஒரே ஒரு அளவீட்டை அவரைத் தனியாகச் செய்யச் சொல்வது. நல்ல தொட்டியிலிருந்து எடுத்த சைலனேஸ் திரவத்தைப் பத்து மடங்கு தண்ணீர் விட்டு நான் ரகசியமாக நீர்த்து வைக்க வேண்டும். "நல்ல டேங்க்" என்று மட்டும் அவரிடம் சொல்லப்படும். பார்த்ததை எழுதுகிறாரா, நாம் சொன்னதை எழுதுகிறாரா என்று தெரிந்துவிடும்.

எனக்கு உடனே அடுத்த குழப்பம் ஆரம்பித்தது. "சார், இப்ப அவருக்கு நம்ம மனசு தெரியும். நேர்மையைத்தான் சோதிக்கறோம்னு அவர் கண்டுபிடிச்சா, நமக்கு வேண்டியது நேர்மைன்னு தெரிஞ்சே நேர்மையா எழுதுவாரே. அதை என்னன்னு எடுத்துக்கறது?"

ஹெக்டே ரொம்ப நேரம் கண்ணைத் திறக்கவே இல்லை. திறந்தபோது, "தலைநோவு மாத்திரை இருக்கா?" என்று கேட்டார்.

சோதனை அன்று லேபில் நாங்கள் மூவர்தான். ஹெக்டே மூலையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். "நல்ல டேங்க் சாம்பிள் இது, ஆக்டிவிட்டி பாருங்க" என்றதோடு சரி.

குணா நிதானமாகச் செய்தார். மரச் சர்க்கரைக் கரைசலை டியூப்களில் ஊற்றி வெந்நீர்த் தொட்டியில் வைத்தார். தானும் சாம்பிளைத் தேவையான மடங்கு நீர்த்து, ஒவ்வொன்றிலும் சேர்த்தார். ஒரு டியூபில் மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சேர்க்கவில்லை. நேரமானதும் மஞ்சள் நிற மருந்தை விட்டுக் கொதிக்க வைத்தார். என்சைம் நன்றாக வேலை செய்திருந்தால் மஞ்சள் கறுத்து, செங்கல் நிறத்துக்கும் மேலே போகும். போகவில்லை. லேசாகச் சிவந்ததோடு நின்றுவிட்டது. குணாவின் கை அசையாமல் நின்றது. முதலிலிருந்து மறுபடி செய்தார். மறுபடியும் அதே வெளிறிய நிறம்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கடைசிக் கணக்கில், எத்தனை மடங்கு நீர்த்தோம் என்ற எண்ணால் பெருக்குவோம். அதில் ஒரு சுழியைக் கூட்டிவிட்டால் போதும், நல்ல தொட்டிக்கு வர வேண்டிய கணக்கு அப்படியே வந்துவிடும். யாரும் கண்டுபிடிக்க முடியாது. இது குணாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பேனாவை எடுத்தவர் எழுதவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். மூச்சு விசில் மாதிரி இழுத்தது. எனக்கு முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் அது பிரசித்தம். இன்னும் ஒரு கணம் அவரைப் பார்த்திருந்தால் எல்லாவற்றையும் முகமே சொல்லியிருக்கும். சொல்லிவிடத்தான் ஆசை, சத்தியமாக. ஆனால் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே ஓசூர் ரோடில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தெரிந்தவரை இப்படி அந்தரத்தில் விட்டுவிட்டோமே என்று உறுத்த, லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் எழுதிக் கொடுத்த எண், நல்ல தொட்டிக் கணக்கில் பத்தில் ஒரு பங்கு. கீழே, 'இரண்டு முறை செய்தேன், சாம்பிள் மிகவும் பலவீனம்' என்று ஒரு வரி.

ஹெக்டே படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். குணா போனதும் நான் கேட்டேன்: "இப்ப தெரிஞ்சுதா சார், எப்பேர்ப்பட்ட ஆளுன்னு?"

"நம்பர் கரெக்ட். அஷ்டே, அவ்வளவுதான். ஆள் எப்படின்னு கேக்காதீங்க, அது நம்ம சிலபஸ்ல இல்லா" என்று சொல்லிக் காபிக்குப் போய்விட்டார்.

குணா லேபுக்கு மாறினார். இழுப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. அவர் கொடுக்கும் எண்களில் யாரும் குறை கண்டதில்லை. நான் அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் கேள்வி எழுதினேன். உறையைப் பரீட்சை அன்று காலையில்தான் ஒட்டுவது என்று விதியை மட்டும் மாற்றினோம். குணாவிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. கேட்டால் என்ன சொல்லிவிடுவாரோ என்று பயம்.

நான் ஓய்வு பெற்ற அன்று, எனக்குக் கொடுத்த குத்துவிளக்கைப் பஸ் நிறுத்தம் வரை அவர்தான் தூக்கி வந்தார். வழியெல்லாம் பேசிக்கொண்டே நடந்தார், மூச்சு வாங்கவில்லை. இனி எனக்கு என்ன பயம் என்று தோன்றியது. கேட்டேவிட்டேன்.

"குணா, அன்னைக்கு அந்த நம்பரை ஏன் அப்படி எழுதின? எங்களுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுதானே?"

அவர் நின்றார். "இல்லக்கா. நல்ல டேங்குன்னு சார் சொன்னாரு. நல்ல நம்பர் கேக்கறாரா, என்னை மடக்கப் பாக்கறாரான்னு ஒண்ணும் புரியல. உங்க மூஞ்சிய பாத்தா தெரிஞ்சுடும்னு பாத்தேன். நீங்க திரும்பிக்கினீங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. யாருக்கு இன்னா பதில் வேணும்னே தெரியாம நான் எழுதின ஒரே பரீட்சை அதாங்கா. வேற வழியில்ல, டியூப்ல இருந்ததை எழுதிட்டேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தெருவென்றும் பாராமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் மனதை அரித்த விஷயம் தீர்ந்தது என்று நினைத்தேன். விளக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது: நான் கேட்க ஏங்கிய பதில், ஒரு சொல் பிசகாமல், அதுவேதான். நடக்கும்போது அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் வந்தார்.